ஏப்ரலுக்கு முன் கையெழுத்துப் போடாதே

டேட்டன், ஒஹாயோ
18 ஜனவரி 1983

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

ரஸ்ஸல் எழுதுவது. வழியில் இரண்டு இடத்தில் கார் வழுக்கினாலும் நானும் மார்லீனும் எலும்பு முறியாமல் வீடு வந்து சேர்ந்தோம். உன் காய்ச்சல் விட்டதா? மார்லீன் வைத்துவிட்டு வந்த கோழி சூப்பைக் குடித்தாயா, பூனைக்கு ஊற்றினாயா?

உன் வீட்டில் தங்கியிருந்த கடைசி நாளில், நீ காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, நாங்கள் சும்மா ஊர் சுற்றிவிட்டு வந்தோம் என்று சொன்னேன் அல்லவா? அது பொய். தரகர் டெல்பர்ட் கிரேன் எங்களை ஒரு வீடு பார்க்கக் கூட்டிப்போனார். பார்லோ குன்றின் உச்சியில் இருக்கும் வெள்ளை வீடு. பக்கத்திலேயே சிவப்புக் களஞ்சியம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் நேர் எதிரே மலை. மார்லீன் அங்கே நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். விலையும் நம்ப முடியாத மலிவு.

ஆலை எனக்கு விருந்து வைத்து அனுப்பிவிட்டது. இந்த வீட்டை வாங்கவும் ஆள் வந்துவிட்டது. ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கையில் இருப்பதை முழுவதும் போட்டால்தான் உன் ஊரில் ஒரு வீடு கிடைக்கும். அது சரியில்லை என்று இன்னொன்று வாங்க எங்களுக்கு வயதும் இல்லை, வசதியும் இல்லை. அதனால் உன் யோசனை வேண்டும். நியூயார்க்கிலிருந்து ஒரு தம்பதி வேறு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். சீக்கிரம் எழுது. ‘நல்ல வீடு, வாங்கு’ என்று எழுதினால் இன்னும் நல்லது.

உடம்பைக் கவனித்துக்கொள். மார்லீனின் அன்பும் இதில் இருக்கிறது.

உன் தம்பி,
ரஸ்ஸல்


ஈஸ்ட் பார்ன்ஹம், வெர்மான்ட்
27 ஜனவரி 1983

அன்புத் தம்பி ரஸ்ஸலுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. இருமல் மட்டும் வாடகைக்குத் தங்கியிருக்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைத்தாயா, குறைத்ததாக மார்லீனிடம் சொல்கிறாயா?

முடிவு பண்ணிவிட்டு யோசனை கேட்பது உன் சின்ன வயதுப் பழக்கம். ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நீ பார்த்தது வீட்டை இல்லை, பனியை. இங்கே ஜனவரியில் எல்லா வீடும் அழகுதான். கூரை எங்கே பிய்ந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அதற்கு அடியில் கிடக்கிறது. மாப்பிள்ளையைப் பசி நேரத்தில் பார்க்க வேண்டும், வெர்மான்ட் வீட்டை ஏப்ரலில் பார்க்க வேண்டும்.

கிரேன் உன்னை ஏற்றிப்போன சாலை சிமென்ட் போட்ட மாதிரி இருந்திருக்குமே? அது உறைந்த மண். ஏப்ரலில் உருகினால் கஞ்சி. அந்த வீட்டின் தபால் பெட்டி எங்கே நின்றது என்று ஞாபகம் இருக்கிறதா? குன்றின் அடியில், ஆர்வில் ஸ்டெபின்ஸின் பண்ணை வாசலில். ஊரின் சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே போவதை, நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்பே ஊர் கைகழுவிவிட்டது. பனி வாரும் வண்டி ஏறாது. தீயணைப்பு வண்டி ஏறாது. நடுக் குளிர்காலத்தில் உனக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் அடியிலேயே நிற்கும். நீதான் நடந்து இறங்கி வந்து அதில் படுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கிரேன் யாருக்காவது காசு கொடுத்துப் பனியை வாரச் சொல்லியிருப்பார்.

விலை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று முதலில் கேள். ஏப்ரலுக்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதே.

மார்லீனை விசாரித்ததாகச் சொல். இருவரும் காலில் கம்பளியோடு தூங்குங்கள்.

அக்கா,
வினிஃப்ரெட்


டேட்டன்
8 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்குத் தேன் சாப்பிடு என்று மார்லீன் சொல்லச் சொன்னாள். நாங்கள் சுகம். உப்பு பாதியாகிவிட்டது, நம்பு.

கிரேனிடம் சாலையைப் பற்றிக் கேட்டேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, “அதுக்குத்தான் ஊர்க்கூட்டம் இருக்கே” என்றார். குன்றில் நிலம் வைத்திருக்கும் சிலர், அந்தச் சாலையை ஊரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறார்களாம். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. ஜெயித்தால் பனி வாரும் வண்டி வாசலுக்கே வரும். சிறிது முன்பணம் கொடுத்து, ஏப்ரல் கடைசிவரை வீட்டை எனக்காக நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பேச்சைப் பாதி கேட்டுவிட்டேன், பார்.

மீதிப் பாதி உன் கையில் இருக்கிறது. அந்த ஊரில் உனக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். டவுன் ஹாலுக்குப் புது நாற்காலி என்றால் வேண்டாம், அங்கே எழுத்து வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தட்டச்சு எந்திரம் என்றால் அதுவும் வேண்டாம். ‘வேண்டாம் வின்னி.’ ஒரே ஒரு தடவை, சொந்தத் தம்பிக்காக, ‘வேண்டும்’ என்று எழுந்து நில். இரண்டு வார்த்தை பேசினால் கூடுதல் புண்ணியம்.

இன்னொன்று. போன கடிதத்தில் பனி, சேறு, ஆம்புலன்ஸ் எல்லாம் வந்தன. ‘நீ வந்தால் சந்தோஷம்’ என்று ஒரு வரி வரவில்லை. மார்லீன் கவனித்தாள். நான் கவனிக்கவில்லை.

குளிரில் வெளியே போகாதே. ஊர்க்கூட்டத்துக்கு மட்டும் போ.

ரஸ்ஸல்


ஈஸ்ட் பார்ன்ஹம்
3 மார்ச் 1983

அன்புத் தம்பிக்கு,

தேன் வேலை செய்தது. மார்லீனுக்கு நன்றி சொல். நீங்கள் இருவரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கூட்டத்துக்குப் போனேன். டவுன் ஹால் நிரம்பி, சன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். காலை முழுவதும் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றிச் சண்டை. அதன் பிறகு உன் சாலை வந்தது. ஒருவர், குன்றில் நாலு வீடு வந்தால் ஊருக்கு வரி வரும் என்றார். இன்னொருவர், வருகிற வரியைச் சாலையே தின்றுவிடும் என்றார். நான் பேசவில்லை. தலைவர் முதலில் குரலால் ஓட்டுக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். பிறகு ஆதரிக்கிறவர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார், எதிர்க்கிறவர்களை நிற்கச் சொல்லி எண்ணினார். ஒரே ஒரு ஓட்டில் சாலை தோற்றுவிட்டது. அதற்கப்புறமும் எல்லோரும் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அடுப்பில் வைத்த பீன்ஸ், பன்றித் தொடை, நான் கொண்டுபோன ஆப்பிள் கேக். பக்கத்து வீட்டு அல்மா பைக்கின் கேக்கை யாரும் தொடவில்லை, பாவம்.

சாலை இல்லை என்று ஆகிவிட்டது. முன்பணம் போனால் போகட்டும். பெரிய பணத்தை அதன் பின்னால் அனுப்பாதே.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

வினிஃப்ரெட்


டேட்டன்
10 மார்ச் 1983

அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய வேண்டும்.

ஒரு கேள்விதான். நீ எந்தப் பக்கம் எழுந்து நின்றாய்?

ரஸ்ஸல்


ஈஸ்ட் பார்ன்ஹம்
24 மார்ச் 1983

அன்புத் தம்பிக்கு,

இடது முட்டி மழை வரும் என்கிறது, வலது முட்டி வராது என்கிறது. மற்றபடி குறையில்லை. மார்லீன் தோட்டத்துக்கு விதை வாங்கியிருப்பாளே?

இங்கே மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கிவிட்டது. ஊர் முழுக்கக் காய்ச்சுகிற வாசனை. உனக்கு ஒரு டப்பா பாகு எடுத்துவைத்திருக்கிறேன்.

அல்மா பைக் வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவில் மகளிடம் போகிறாள். என் வீட்டுக்கு அடுத்த வீடு, அந்தப் பச்சை வீடு. நேற்று அங்கே போய் நிலவறையில் கைவிளக்கோடு இறங்கினேன். பனி உருகிக்கொண்டிருக்கிறது, ஆனால் தரை காய்ந்திருக்கிறது. தார்ச் சாலை, வாசலிலேயே தபால் பெட்டி. குறையும் சொல்லிவிடுகிறேன்: பார்க்கச் சகிக்காது. அந்தப் பச்சையை எந்தக் கடையில் வாங்கினார்களோ. மாடித் தரை சரிவு. கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் பலகை வைத்துத்தான் அவள் தூங்குகிறாள். சன்னலைத் திறந்தால் மலை தெரியாது, என் துணிக்கொடிதான் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை. இருவரும் நன்றாக இருங்கள்.

வினிஃப்ரெட்


டேட்டன்
7 ஏப்ரல் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

மார்லீன் எழுதுகிறேன். உங்கள் முட்டிகள் சமாதானமாகிவிட்டனவா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். உங்கள் தம்பி உங்களுக்கு எழுத மாட்டேன் என்கிறார். பாகு டப்பாவைப் பற்றிப் படித்ததும் கடிதத்தை மடித்து மேசைமேல் போட்டுவிட்டு, “கேட்டது ஒண்ணு, அவ எழுதுறது ஒண்ணு. ஒரே ஓட்டு மார்லீன். எங்க அக்காவே எனக்கு எதிரா எந்திரிச்சிட்டா” என்றார். அப்புறம் இரவுச் சாப்பாடு வரை பேச்சே இல்லை. எனக்கும் அந்த அமைதி கொஞ்சம் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது வீம்பு வந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி அங்கே வந்து அந்தக் குன்று வீட்டுக்கே கையெழுத்துப் போடப்போகிறாராம். சாலை இல்லாவிட்டால் என்ன, நானே பனி வாருவேன் என்கிறார். டேட்டனில் வாசல்படியை வாருவதற்கே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர். எனக்கு அந்தச் சமையலறை பிடிக்கும், அண்ணி. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் ஆதரவாக நின்றிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். அவர் கோபம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். எதிராக நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். நான் கோபப்பட மாட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்லீன்


ஈஸ்ட் பார்ன்ஹம்
13 ஏப்ரல் 1983

அன்புள்ள மார்லீனுக்கு,

முட்டி இரண்டும் இப்போது ஒரே கட்சி. உன் கடிதம் எனக்கு ஆறுதல். அவனுடைய இடுப்புக்குச் சூடு வைத்துவிடு.

நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று எழுத மாட்டேன், அம்மா. எழுதினால் அவன் வீட்டைப் பார்க்க மாட்டான், என்னைப் பார்ப்பான். கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தை விட்டுவிடலாம், வாங்கிய வீட்டை விட முடியாது.

அவனைத் தடுக்காதே. வரட்டும். கிரேன் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி, தன் காரிலேயே தனியாகப் போகட்டும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி வைத்து அனுப்பு.

இருவருக்கும் என் அன்பு.

வினிஃப்ரெட்


டேட்டன்
26 ஏப்ரல் 1983

என் அன்பு அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இடுப்பு மட்டும் டிராக்டர் கட்டி இழுத்த மாதிரி இருக்கிறது. காரைத்தான் இழுத்தார்கள். இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்லோ குன்றில் தனியாக ஏறினேன். ஸ்டெபின்ஸ் பண்ணையைத் தாண்டி மூன்றாவது வளைவில் கார் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. கதவைத் திறந்து காலை வைத்தேன். சேறு முழங்கால் வரை வந்தது. காலை எடுத்தேன், பூட்ஸ் வரவில்லை. ஹாரன் அடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் கீழேயிருந்து டிராக்டர் சத்தம். ஆர்விலுக்குக் காது ரொம்பக் கூர்மை. “பொழுது இவ்வளவு ஏறிடுச்சே, இன்னும் யாரும் மாட்டலையேன்னு பாத்தேன்” என்றார். சங்கிலி, கொக்கி எல்லாம் தயாராகவே வைத்திருந்தார்.

அவர் சங்கிலி மாட்டும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. எங்க அக்கா ஒருத்தி ஒழுங்கா ஓட்டுப் போட்டிருந்தா இந்த ரோடு இப்படிக் கிடக்காது என்று கரித்துக்கொட்டினேன். ஆர்வில் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன பேசுறீங்க? ஆதரிக்கிறவங்க எந்திரிங்கன்னதும் மொத ஆளா எந்திரிச்சது ஒங்க அக்காதான். இருபது வருசமா எதுக்கும் வேணும்னு எந்திரிக்காத மனுசி. ஊரே வாயப் பொளந்துச்சு. தலைவரு, ‘வின்னி, இது ஆதரவுக்குங்க, எதிர்ப்பு இல்ல’ன்னு ரெண்டு தரம் சொன்னாரு. ‘காது கேக்குது, எண்ணுங்க’ன்னுட்டாங்க.”

அப்படியானால் தோற்றது யாரால் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“என்னாலதான். பின்னால காபி ஊத்திக்கிட்டிருந்தேன். எதிர்ப்ப எண்ணி முடிக்கப் போறாங்கன்னதும் ஓடியாந்து நின்னேன். ரோட்ட நல்லாப் போட்டுட்டா, ஏப்ரல்ல என் டிராக்டர் என்னங்க பண்ணும்?”

அக்கா, அந்தச் சேற்றில் ஒற்றை பூட்சோடு நின்று நான் அழுதேன். காருக்குப் பெரிய சேதம் என்று நினைத்து அவர் பாதிக் கூலியைக் குறைத்துக்கொண்டார்.

மீதி வழியை நடந்து ஏறி வீட்டையும் பார்த்தேன். நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. ஒரு தவளை நீந்திக்கொண்டிருந்தது. கூரையில் ஒரு பக்கம் வானம் தெரிகிறது. மலை மட்டும் கிரேன் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் போயிற்று.

நீ ஏன் சொல்லவில்லை என்று டேட்டன் வரும்வரை யோசித்தேன். நீ எனக்காக எழுந்து நின்றாய் என்று மார்ச் மாதமே தெரிந்திருந்தால், அந்த வாரமே கையெழுத்துப் போட்டிருப்பேன். அக்கா இவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்த பிறகு நிலவறையில் யார் இறங்குவார்கள்? அது உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். மன்னித்துவிடு.

அன்று சாயங்காலம் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அந்தச் சேற்றோடும் அந்த முகத்தோடும் உன் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அல்மா பைக் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டாள். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தேன். கழிப்பறையில் தண்ணீர் விட்டேன். நிலவறைச் சுவரைக் கையால் தடவினேன். மாடியில் நடந்தபோது கப்பலில் நடப்பது போலத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு விலை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு நிபந்தனையோடு: வீட்டுப் பரிசோதகர் ஒருவர் மேலிருந்து கீழ் வரை பார்க்க வேண்டும், மார்லீன் நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும். மார்லீனிடம் பச்சை நிறத்தைச் சொல்லிவிட்டேன். “பெயின்ட் டப்பா இருக்குற ஊர்தானே?” என்றாள்.

முட்டிக்கு எண்ணெய் தேய். பூட்ஸ் கிடைத்தால் ஆர்விலிடம் வாங்கி வை.

உன் தம்பி,
ரஸ்ஸல்


ஈஸ்ட் பார்ன்ஹம்
9 மே 1983

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அழுகையும் சிரிப்புமாக வந்து இருமல் திரும்பிவிட்டது. அதனால் நான் சுகம் என்று எழுத முடியாது, சந்தோஷம் என்று எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் காரைப் பார்த்தேன். சேற்றுக்குள்ளே ஒஹாயோ எண்பலகை தெரிந்தது. நீ கதவைத் தட்டுவாய் என்று பாகை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அடுத்த வீட்டுக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு, நிலவறையில் இறங்குகிறாயா என்று சன்னலில் நின்று பார்த்தேன். இறங்கினாய். அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.

பரிசோதகர் போன வாரம் வந்தார். அல்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். புகைபோக்கிக்கு உள்பூச்சு வேண்டும். அதற்கு அல்மா விலையைக் குறைக்கச் சம்மதித்துவிட்டாள். மாடிச் சரிவு நூறு வருடப் பழசாம், இனி அசையாதாம். அடுத்த வாரம் மார்லீன் வந்து பார்க்கட்டும். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாங்காதே. என் முகத்துக்காகத் தலையாட்டாதே என்று அவளிடமும் சொல்.

குன்று வீட்டை நியூயார்க் தம்பதி வாங்கிவிட்டார்கள். இரண்டு தடவை ஆர்வில் இழுத்துவிட்டார். அவர்கள் இப்போதே சாலைக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். அடுத்த மார்ச்சில் அது மறுபடி வாக்கெடுப்புக்கு வரும். அப்போது நீயும் மார்லீனும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பீர்கள். எதிர்க்கிறவர்கள் எழுந்திருங்கள் என்றதும் நான் எழுந்திருப்பேன், நீங்களும் எழுந்திருங்கள். அந்தச் சாலைக்கு ஊர்ப் பணத்தைக் கொட்டுவது அநியாயம். போன தடவை நான் எழுந்து நின்றது சாலைக்காக இல்லை, ரஸ்ஸல். நீ பக்கத்தில் வேண்டும் என்று நின்றேன்.

வாருங்கள். நலமா என்று இனி எழுதிக் கேட்க மாட்டேன். காலையில் உங்கள் சமையலறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
வின்னி